தறப்பாள் கூரைக்கு எந்தச் சொல்? – வாசகர் கேள்வி பதில்

நம் அலுவலகக் காகிதங்களில் 'தற்காலிகம்' என்ற ஒரே சொல் எல்லா வேலையையும் பார்த்துவிடுகிறது. ஆங்கிலத்தில் அந்த வேலையை ஐந்தாறு சொற்கள் பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றன. இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பல அந்தப் பங்கீட்டைப் பற்றியே கேட்டிருப்பதால் அவற்றை ஒன்றாக எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி (தலவாக்கலையிலிருந்து ஒரு தாய்): எங்கள் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) காற்றுக்கு நான்கு காம்பராக்களின் (குடியிருக்கும் அறைகளின்) தகரம் கழன்றுவிட்டது. தறப்பாளை (தார்ப்பாயை) இழுத்துக் கட்டி, மேலே பழைய டயரும் கல்லும் வைத்திருக்கிறோம். தோட்ட முகாமையாளருக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுத வேண்டும். மகள் 'மேக்ஷிப்ட் ரூப்' (makeshift roof) என்று எழுதினாள். பக்கத்துக் காம்பராத் தம்பி 'ஸ்டொப்கெப்' (stopgap) என்பதே சரி என்கிறார். 'டெம்பரரி' (temporary) என்று எழுதினால் போதாதா? எதை எழுதுவது?

பதில்: கூரையைச் சொல்லும் இடத்தில் மகள் எழுதியதே சரி அம்மா. தம்பி சொன்ன சொல்லுக்கும் அதே கடிதத்தில் ஓர் இடமுண்டு. ஆனால் அது கடிதத்தின் கடைசிப் பகுதியில் வரவேண்டியது.

மேக்ஷிப்ட் என்ற சொல் ஒரு பொருள் எதனால் ஆனது என்பதைப் பார்க்கிறது. அந்த வேலைக்கென்று செய்யப்படாத சாமானை, கைக்கு எட்டியதை எடுத்து, அந்த நேரத்துக்கு ஒப்பேற்றியதுதான் மேக்ஷிப்ட். இதில் வரும் 'ஷிப்ட்' தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் என்கிறோமே, அந்தப் பொருளில் வருவதில்லை. பழைய ஆங்கிலத்தில் அதன் வினைச்சொல்லுக்கு ஒழுங்குபடுத்துதல், பங்கிடுதல் என்று பொருள். பிற்காலத்தில் அது உபாயம், வழிவகை என்ற பொருளுக்கு வந்தது. 'மேக் ஷிப்ட்' என்று இரண்டு சொல்லாகச் சொன்னால் 'எப்படியோ ஒப்பேற்று' என்று அர்த்தம். 16ஆம் நூற்றாண்டில் மேக்ஷிப்ட் என்றால் ஏமாற்றிப் பிழைக்கும் ஆள் என்ற பொருளும் இருந்தது. அந்தப் பொருள் மறைந்துவிட்டாலும் 'தரம் குறைந்தது' என்ற வாடை மட்டும் சொல்லோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. உங்கள் கடிதத்துக்கு அந்த வாடை வேண்டும். டயரும் கல்லும் வைத்துப் பிடித்திருக்கும் கூரை அப்படித்தானே இருக்கிறது!

ஸ்டொப்கெப் பார்ப்பது காலத்தை. 'ஸ்டொப்' என்பதற்கு நிறுத்து என்பதைவிடப் பழைய பொருள் அடை என்பது. போத்தல் மூடியை 'ஸ்டொப்பர்' என்பது அந்தப் பொருளில்தான். 'கெப்' என்றால் இடைவெளி. ஒன்று போய், அடுத்தது வந்து சேருமுன் விழும் ஓட்டையை அடைத்து வைப்பதுதான் ஸ்டொப்கெப். அடைக்க வைத்த பொருள் நல்லதாகவும் இருக்கலாம், மட்டமாகவும் இருக்கலாம். அதைப் பற்றி இந்தச் சொல் வாய் திறப்பதில்லை. ஆனால் 'எதுவரை' என்ற கேள்விக்கு அது பதில் வைத்திருக்க வேண்டும். 'அண்டில்' (until, அதாவது 'வரை') என்று தொடங்கி வாக்கியத்தை முடிக்க உங்களால் முடியாவிட்டால் அந்த இடத்தில் ஸ்டொப்கெப் பொருந்தாது.

டெம்பரரி எழுதினால் பிழையாகாது, ஆனால் உங்களுக்குப் பாதகம். அந்தச் சொல்லுக்கு நல்லது கெட்டது என்ற நிறமே கிடையாது. திட்டமிட்டு, முறையாகக் கட்டிப் பிறகு கழற்றும் பந்தலும் டெம்பரரிதான். 'அவர் டெம்பரரி ரூப்' (our temporary roof) என்று எழுதினால், கடிதத்தைப் படிப்பவருக்கு யாரோ ஏற்கனவே ஒரு ஏற்பாட்டைச் செய்து கொடுத்துவிட்டார்கள் என்ற எண்ணம் வரும். அவசரம் காகிதத்திலேயே செத்துவிடும். மேக்ஷிப்ட் என்று எழுதினால் 'இதை நாங்களே, கிடைத்ததை வைத்துச் செய்தோம், இது தாங்காது' என்ற மூன்று செய்தியும் ஒரே சொல்லில் போய்ச் சேரும்.

கடிதத்தை இப்படி அமையுங்கள். முதல் பந்தியில் தகரம் கழன்ற திகதி, லயத்தின் இலக்கம், காம்பராக்களின் எண்ணிக்கை, உள்ளே இருக்கும் ஆட்களின் தொகை, அதில் கைக்குழந்தையும் வயதானவர்களும் எத்தனை பேர் என்பது. இரண்டாம் பந்தியில் மேக்ஷிப்ட் ரூப் வரட்டும். சொல்லை மட்டும் எழுதிவிட்டு நகராதீர்கள். தறப்பாள், டயர், கல் என்று பொருள்களைப் பெயர் சொல்லி எழுதுங்கள். பின்னால் வரும் விவரம்தான் அந்தச் சொல்லுக்குச் சாட்சி. தறப்பாள் கைமரங்களுக்கு இடையில் தொய்ந்து தண்ணீர் தேங்குகிறது, தேங்கிய பாரத்தில் கயிறு கோத்த கண் கிழிகிறது, காற்றுக்குக் கல் உருண்டால் கீழே நிற்பவர் தலையில் விழும் என்ற மூன்றில் எது நடந்திருக்கிறதோ அதை எழுதுங்கள்.

மூன்றாம் பந்தியில்தான் ஸ்டொப்கெப். முழுக் கூரையையும் மாற்றும்வரை இத்தனை தகரம் தரும்படி கேட்கிறோம் என்று எழுதும்போது 'அஸ் எ ஸ்டொப்கெப்' என்று தொடங்கி 'அண்டில்' என்று முடியுங்கள். எண்ணிக்கையைச் சரியாகக் கொடுங்கள். தகரத்தின் அகலத்தை அப்படியே வகுத்துக் கணக்குப் பார்த்தால் குறைந்துபோகும். ஒரு தகரத்தின் மேல் அடுத்தது பக்கவாட்டில் ஒன்றரை அலை ஏற வேண்டும், மேலுக்குக் கீழ் 6 அங்குலமாவது ஏற வேண்டும். அந்த மடிப்பைக் கழித்த பிறகு மிஞ்சும் அளவால் வகுத்தால்தான் உண்மையான தொகை வரும். ஆணியையும் வொஷரையும் சேர்த்துக் கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. தோட்டம் தரப்போகும் தகரத்தை மேக்ஷிப்ட் என்று தவறியும் எழுதிவிடாதீர்கள். வாங்கும் முன்பே அதைப் பழித்ததாகிவிடும்.

கேள்வி (பண்டாரவளையிலிருந்து ஒரு மாணவன்): ஆங்கில கிரிக்கெட் வர்ணனையில் 'மேக்ஷிப்ட் கீப்பர்' என்கிறார்கள், 'ஸ்டொப்கெப் கெப்டன்' என்கிறார்கள். மாற்றிச் சொன்னால் என்ன?

பதில்: நல்ல இடத்தைப் பிடித்திருக்கிறீர்கள் தம்பி. இரண்டின் வித்தியாசத்தையும் கிரிக்கெட்டை விடத் தெளிவாகக் காட்டும் இடம் வேறில்லை.

2003 உலகக் கிண்ணத்தில் இந்திய அணிக்கு ராகுல் டிராவிட் விக்கெட் காத்தார். ஒரு துடுப்பாட்டக்காரரை மேலதிகமாகச் சேர்த்துக்கொள்வதற்காக அந்த ஏற்பாடு. அவர் பிறவித் துடுப்பாட்டக்காரர், கீப்பிங் அவருடைய தொழில் அல்ல. ஆகவே மேக்ஷிப்ட் கீப்பர். தொடர் முழுவதும் அவரே காத்தாலும் அந்தச் சொல் மாறாது, ஏனென்றால் அது பார்ப்பது ஆள் எதற்கென்று உருவானவர் என்பதை.

2014 இருபதுக்கு இருபது உலகக் கிண்ணத்தில் நம் அணித்தலைவர் தினேஷ் சந்திமாலுக்கு, பந்துவீச்சு மந்தமானதற்காக ஒரு போட்டித் தடை விழுந்தது. நியூசிலாந்துக்கு எதிரான அந்தப் போட்டிக்கு லசித் மாலிங்க தலைமை தாங்கினார். அந்த நாளில் அவர் ஸ்டொப்கெப் கெப்டன். ஓட்டை ஒரு போட்டி அகலம், அதை அடைக்க வந்தவர். பிறகு அரையிறுதிக்கும், ஏப்ரல் 6ஆம் திகதி இந்தியாவை வென்ற இறுதிப் போட்டிக்கும் அவரே தலைவர். அப்போது அந்தச் சொல் தானாகவே கழன்றுவிட்டது.

மாற்றிச் சொன்னால் பொருள் திரும்பிவிடும். 'மேக்ஷிப்ட் கெப்டன்' என்றால் தலைமை தாங்கத் தெரியாதவரை வேறு வழியில்லாமல் நிறுத்தினார்கள் என்றாகும். 'ஸ்டொப்கெப் கீப்பர்' என்றால் காயம்பட்ட கீப்பர் திரும்பும்வரை வந்த இன்னொரு கீப்பர், அவரும் முறையாகப் பயின்றவர் என்றே கேட்பவர் நினைப்பார்.

ஒரே ஆளுக்கு இரண்டும் பொருந்துவதும் உண்டு. கீப்பருக்கு நடுப்போட்டியில் விரல் முறிய, ஸ்லிப்பில் நின்றவர் கையுறையை மாட்டிக்கொண்டு மீதி ஓவர்களைச் சமாளித்தால் அவர் இரண்டும்தான். எதை வலியுறுத்துகிறீர்களோ அந்தச் சொல்லை எடுங்கள்.

கேள்வி (ஹற்றனிலிருந்து ஓர் உயர்தர மாணவி): இன்டரிம் (interim), புரொவிஷனல் (provisional), டெம்பரரி மூன்றையும் அகராதி 'தற்காலிக' என்றே தருகிறது. பரீட்சையில் எப்படிப் பிரிப்பது?

பதில்: அகராதியைச் சற்று மூடி வையுங்கள், தேயிலை மலையைப் பார்ப்போம்.

பழைய தேயிலையைப் பிடுங்கியதும் உடனே புதுக்கன்று நடுவதில்லை. மண் தெளிய, குவாட்டமாலா புல்லோ மானாப் புல்லோ வைத்து 18 முதல் 24 மாதம் விடுகிறார்கள். அந்தப் புல் நிற்கும் காலம்தான் இன்டரிம். இந்தப் பக்கம் பழைய தேயிலை, அந்தப் பக்கம் புதுத் தேயிலை, இரண்டும் தெரிந்தவை, நடுவில் இது. லத்தீனில் 'இன்டர்' என்றால் இடையில். நம் 'இடைக்கால' என்ற சொல் அதற்கு அச்சொட்டாகப் பொருந்துகிறது. இந்த ஒரு விஷயத்தில் இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகள் பெரும்பாலும் சரியாகவே எழுதுகின்றன. 2022 ஓகஸ்ட் 30ஆம் திகதி பாராளுமன்றத்தில் வைத்தது இடைக்கால வரவு செலவுத் திட்டம். ஆண்டுக்கென்று முன்பே நிறைவேறிய திட்டத்துக்கும் அடுத்த ஆண்டின் திட்டத்துக்கும் நடுவில் வந்தது அது.

புரொவிஷனல் வேறு. அதற்குள் இருப்பது நிபந்தனை. 'இப்போதைக்கு இது நிற்கும், உறுதியானதும் நிரந்தரமாகும் அல்லது மாறும்' என்பதே அதன் பொருள். பல்கலைக்கழகம் பட்டச் சான்றிதழுக்கு முன் தரும் காகிதம் புரொவிஷனல். நேர அட்டவணையை வெளியிட்டு, ஆட்சேபம் இருந்தால் அறிவிக்கவும் என்றால் அது புரொவிஷனல் அட்டவணை.

வரலாற்றில் இரண்டும் அருகருகே நிற்கும் ஒரு சோடி உண்டு. 1943 ஒக்டோபர் 21ஆம் திகதி சிங்கப்பூரில் சுபாஷ் சந்திரபோஸ் அறிவித்தது சுதந்திர இந்தியாவின் புரொவிஷனல் அரசாங்கம். மலாயாத் தோட்டங்களிலிருந்து ஏராளமான தமிழ்த் தொழிலாளர்கள் அதன் படையில் சேர்ந்தார்கள். நாடு கைக்கு வந்து மக்கள் தெரிவு செய்யும் அரசாங்கம் அமையும்வரை, அந்த உறுதிப்பாட்டை எதிர்பார்த்து நின்ற அரசாங்கம் அது. 1946 செப்டம்பர் 2ஆம் திகதி டில்லியில் நேரு தலைமையில் அமைந்தது இன்டரிம் அரசாங்கம். ஒரு பக்கம் பிரித்தானிய ஆட்சி, மறுபக்கம் 1947 ஓகஸ்ட் 15, நடுவில் அது. இரண்டு பெயரும் தற்செயலாக வைத்தவை அல்ல என்பதைக் கவனியுங்கள்.

டெம்பரரி எல்லாவற்றையும் உள்ளடக்கும் பெரிய கூடை. பரீட்சையில் மூன்றும் தெரிவாக வந்தால் வாக்கியத்தில் இரண்டு கரை தெரிகிறதா என்று பாருங்கள், தெரிந்தால் இன்டரிம். 'உறுதியாகும்வரை', 'மாற்றத்துக்கு உட்பட்டது' என்ற சாயல் இருந்தால் புரொவிஷனல். இரண்டுமில்லாமல், சில நாளைக்கு மட்டும் என்றிருந்தால் டெம்பரரி. வீதி மூடல், தலைவலி நிவாரணம், விடுமுறைக்கால வேலை எல்லாம் அந்த வகை.

கேள்வி (மஸ்கெலியாவிலிருந்து ஓர் ஆசிரியர்): அதிபர் ஓய்வுபெற்றதால் பிரதி அதிபர் பொறுப்பைப் பார்க்கிறார். ஆண்டுவிழா அழைப்பிதழில் அவருக்கு எந்தச் சொல்? ஒருவர் 'ஸ்டொப்கெப் பிரின்சிபல்' என்று போடச் சொல்கிறார்.

பதில்: ஒருபோதும் போடாதீர்கள் ஐயா. ஒருவருடைய பதவிப் பெயராக ஸ்டொப்கெப் வராது. பத்திரிகை விமர்சகர் எழுதலாம். அழைப்பிதழில் போட்டால் மனிதரை ஓட்டைக்கு வைத்த அடைப்பாக ஆக்கியதாகும்.

அவருக்குக் கிடைத்த கடிதத்தைப் பாருங்கள். 'பதில் அதிபர்' என்றிருந்தால் 'அக்டிங் பிரின்சிபல்'. 'கடமை நிறைவேற்று அதிபர்' என்றிருந்தால் அது வேறு நிலை, ஆங்கிலத்திலும் கடிதத்தில் உள்ள தொடரையே அப்படியே எடுங்கள். அக்டிங் என்பது நாடாளும் பதவி வரை செல்லும் முறையான சொல். 2022 ஜூலை 15ஆம் திகதி ரணில் விக்கிரமசிங்க பதில் ஜனாதிபதியாகச் சத்தியப்பிரமாணம் செய்தார், 20ஆம் திகதி பாராளுமன்றம் அவரைத் தெரிவு செய்த பின்னரே 'பதில்' நீங்கியது.

கேள்வி (ஹாலிஎலயிலிருந்து ஓர் இளைஞர்): தனியார் தொழிற்சாலையில் எனக்குக் கொடுத்த கடிதத்தில் 'டெம்பரரி' என்றிருக்கிறது. நண்பனுக்கு 'கெஷுவல்'. இரண்டு பேருக்கும் ஊழியர் சேமலாப நிதி கிடையாது என்கிறார்கள். சொல்லில் அவ்வளவு இருக்கிறதா?

பதில்: சொல்லில் வித்தியாசம் இருக்கிறது. சேமலாப நிதியில் இல்லை.

டெம்பரரி என்றால் ஒரு குறித்த காலத்துக்கோ ஒரு வேலை முடியும்வரையோ தொடர்ச்சியாக எடுத்த ஆள். கெஷுவல் என்றால் வேலை இருக்கும் நாளில் கூப்பிட்டு, இல்லாத நாளில் கூப்பிடாமல் விடும் ஆள். தோட்டத்தில் பேர் பதிந்த ஆளுக்கும் கைக்காசுக்குக் கொழுந்தெடுப்பவருக்கும் உள்ள தூரத்தை நினைத்துக்கொள்ளுங்கள், கெஷுவல் இரண்டாவதன் பக்கம் நிற்கிறது.

ஆனால் 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் நிரந்தரம், டெம்பரரி, கெஷுவல், பயிலுநர் என்று பிரித்து யாரையும் வெளியே நிறுத்துவதில்லை. முதல் நாளிலிருந்தே உரித்துண்டு. உங்கள் சம்பளத்திலிருந்து 8 வீதம், தொழில் தருநர் தன் கையிலிருந்து 12 வீதம். இதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம், அதுவும் அவர் கட்ட வேண்டியது, உங்களிடம் கழிக்கக் கூடாது. சம்பளத் துண்டில் 8 வீதம் கழித்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கழித்திருந்தால் உங்கள் உறுப்பினர் இலக்கத்தைக் கேட்டு எழுதி வையுங்கள். கழிக்கவே இல்லையென்றால் கடிதம், சம்பளத் துண்டுகள், வருகைப் பதிவின் பிரதி இவற்றோடு அருகிலுள்ள தொழில் அலுவலகத்தில் முறையிடலாம். நண்பனிடம் கடிதமே இல்லாவிட்டால் வேலை செய்த நாள்களைத் திகதி வாரியாக ஒரு கொப்பியில் குறித்து வரச் சொல்லுங்கள். கெஷுவல் ஆட்களின் முறைப்பாடு பலவீனப்படுவது பெரும்பாலும் நாள் கணக்கு கையில் இல்லாததால்தான்.

கேள்வி (கொட்டகலையிலிருந்து ஓர் ஆசிரியை): இந்தச் சொற்களில் பிள்ளைகள் அதிகம் விடும் பிழைகள் எவை?

பதில்: டெம்பரரியில் 'ஆர்' என்ற எழுத்து இரண்டு முறை வரும், நடுவில் ஓர் 'ஏ'. பேசும்போது அந்த அசை விழுங்கப்படுவதால் எழுதும்போது 'ஏஆர்' காணாமல் போகிறது. டெம்பரரிக்கும் புரொவிஷனலுக்கும் 'எல்வை' (ly) சேர்த்து வினையடை ஆக்கலாம். மேக்ஷிப்ட், ஸ்டொப்கெப், இன்டரிம் மூன்றுக்கும் சேர்க்க முடியாது. 'இன் தி இன்டரிம்', 'அஸ் எ ஸ்டொப்கெப்' என்று தொடராகவே எழுத வேண்டும். மேக்ஷிப்ட்டைப் பெயரடையாக மட்டும் பழக்குங்கள், பெயர்ச்சொல்லாக இன்று அது அரிது. ஸ்டொப்கெப் இரண்டுமாக வரும்.

கேள்வி (கண்டியிலிருந்து ஒரு மொழிபெயர்ப்பாளர்): அறிக்கைகளைத் தமிழாக்கும்போது மேக்ஷிப்ட், ஸ்டொப்கெப் இரண்டையும் 'தற்காலிக' என்றே எழுதிவிடுகிறேன். வேறு வழி உண்டா?

பதில்: உண்டு, தேடவும் வேண்டும். மண்சரிவு அறிக்கைகளில் இது பெரிய இழப்பை உண்டாக்குகிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தபோது தப்பியவர்கள் முதலில் பாடசாலைகளில் தங்கினார்கள், பிறகு பயன்பாட்டில் இல்லாத தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில். தொழிற்சாலை மனிதர் படுத்துறங்கக் கட்டியதல்ல. ஆங்கில அறிக்கை அதை மேக்ஷிப்ட் என்று சொல்லும்போது நாம் 'தற்காலிகத் தங்குமிடம்' என்று மட்டும் எழுதினால் அந்த உண்மை உதிர்ந்துபோகிறது.

மேக்ஷிப்ட்டுக்கு 'கிடைத்ததைக் கொண்டு அமைத்த' என்று விரித்து எழுதுங்கள், நீளத்துக்கு அஞ்ச வேண்டாம். பேச்சு நடையில் 'ஒப்பேற்றிய' என்பது ஆங்கிலச் சொல்லின் வேருக்கே நெருக்கமானது. ஸ்டொப்கெப்புக்கு 'இடைநிரப்பு' பொருந்தும்: இடைநிரப்பு நிதி, இடைநிரப்பு ஏற்பாடு. அமெரிக்காவில் ஒக்டோபர் 1ஆம் திகதி நிதியாண்டு பிறந்தும் வரவு செலவு நிறைவேறாதபோது, சில வாரங்களுக்கு அரசாங்கத்தை ஓட்டக் கொண்டுவரும் ஸ்டொப்கெப் சட்டமூலத்தை 'இடைநிரப்பு நிதிச் சட்டமூலம்' என்று எழுதினால் வாசகருக்கு உடனே விளங்கும். 'இடைக்கால' என்று மட்டும் அதற்குப் போடாதீர்கள், அது இன்டரிமுக்கு உரியது.

தகரக் கொட்டிலைப் பற்றிய வாக்கியம் வந்தால் தகரம், தறப்பாள், மரப்பலகை என்று மூலத்தில் உள்ள பொருள்களை ஒன்றும் விடாமல் தமிழில் கொண்டுவாருங்கள். பெயரடை வலுவிழந்தாலும் அவை தாங்கும்.